இயங்கிவிட்டால் சரியாகிவிடுமா? – சி மொழி வரலாற்றிலிருந்து ஒரு பாடம்



சென்ற பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். உயர்கல்விக்கூடம் ஒன்றில் இப்பொழுது கணினியியல் பயில்கிறார். தாம் படித்த தமிழ்ப்பள்ளிக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்னும் ஆவலில், ஆண்டு விழாவிற்கான பெயரட்டைகளை அச்சிட்டுத் தரும் சிறு நிரல் ஒன்றைச் சி மொழியில் எழுதியிருந்தார். பெயர்ப் பட்டியலைப் படித்து, ஒவ்வொரு பெயரின் முன்னும் பின்னும் உள்ள வீண் இடைவெளிகளை நீக்கி, அட்டையில் பொருத்துவதே அதன் பணி.

"ஐயா, என் மடிக்கணினியில் நன்றாக ஓடுகிறது. எங்கள் பயிற்சிக்கூடக் கணினியில் முதல் பெயரிலேயே நின்றுவிடுகிறது. பெயர்களை ரூமி எழுத்தில் கொடுத்தால் இரண்டிலும் ஓடுகிறது. தமிழ்தான் கணினிக்கு ஒத்துவரவில்லை போலும். ரூமியிலேயே அச்சிட்டுவிடலாமா?" என்று கேட்டார்.

அந்தக் கடைசிக் கேள்வி என் நெஞ்சில் தைத்தது. அவருக்கு எழுத்துக் கற்பித்தவர்களுள் நானும் ஒருவன். பிழை எங்கே இருக்கிறது என்று அறியும் முன்னரே அவர் தம் மொழியின்மீது பழியைப் போட்டுவிட்டார். ஆகவே, அவரோடு அமர்ந்து அந்த நிரலை ஆராய்ந்தேன். பின்னர்ச் சில வாரங்கள் அதன் வரலாற்றையும் படித்தேன். அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

1972: ஒரே ஆண்டில் இரு தொடக்கங்கள்

பினாங்கு மக்களுக்கு 1972 மறக்க முடியாத ஆண்டு. டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்த அக்காலத்தில் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக மண்டலம் அமைந்தது. இன்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அதே ஆண்டில் அங்கே நிறுவியது. நம் மாணவர்களின் பாட்டிமார், தாய்மார் பலர் அம்மண்டலத்துத் தொழிற்சாலைகளில் உழைத்துக் குடும்பங்களை நிமிர்த்தினர் என்பதை நாம் அறிவோம்.

அவ்வாண்டையொட்டியே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவர் சி மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார். அவருடைய உடன் பணியாளர் கென் தாம்சன் படைத்திருந்த 'பி' என்னும் மொழியே அதற்குத் தாய். 1973-இல் யுனிக்ஸ் இயங்குதளம் சி மொழியில் மீண்டும் எழுதப்பட்டது. 1978-இல் கெர்னிகனும் ரிட்சியும் இணைந்து எழுதிய நூல் வெளிவந்தது. பல்லாண்டுக் காலம் அந்நூலே சி மொழிக்கு இலக்கணமாக விளங்கிற்று.

சி மொழி எளிமையானது; வன்பொருளுக்கு மிக நெருக்கமானது. நினைவகத்தின் எந்த முகவரியையும் நேரே தொட்டு எழுத அது இடந்தரும். தொடக்கூடாத இடத்தைத் தொட்டாலும் தடுக்காது. வேகத்திற்காகக் கொடுக்கப்பட்ட விலை அது.

இலக்கணம் எழுதியோர் விட்டுவைத்த வெற்றிடங்கள்

பல நிறுவனங்கள் பல வகைக் கணினிகளுக்குச் சி மொழியைக் கொண்டு சென்றபோது சிக்கல் எழுந்தது. ஒரே நிரல் ஒரு கணினியில் ஒரு விடையையும் வேறொரு கணினியில் வேறு விடையையும் தந்தது. இதனைச் சீர்செய்ய 1983-இல் அமெரிக்கத் தர நிறுவனம் ஒரு குழுவை அமைத்தது. ஆறாண்டு உழைப்பிற்குப் பின் 1989-இல் தர நூல் ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டே அனைத்துலகத் தரமாகவும் ஆயிற்று.

குழுவினர் முன் ஒரு தடை இருந்தது. எதிர்மறை எண்களை எழுதும் முறைகூட அன்றைய கணினிகளில் ஒன்றுபோல் இல்லை. ஏதேனும் ஒரு முறையை விதியாக்கினால், மற்றக் கணினிகளில் சி மொழி வேகம் இழக்கும். எனவே சில இடங்களில் முடிவைக் கம்பைலரிடம், அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளிடம் ஒப்படைத்தனர்: 'நீ விரும்பியதைச் செய், ஆனால் என்ன செய்கிறாய் என்பதை எழுதி வை.' வேறு சில இடங்களில் அந்தக் கட்டாயமும் இல்லை. அங்கே என்ன நிகழும் என்பதற்குத் தர நூல் எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை. இதனையே 'வரையறையற்ற நடத்தை' என்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 32 துகள் கொண்ட முழு எண்ணின் உச்சம் 2147483647. அதனோடு ஒன்றைக் கூட்டினால் என்ன வரும்? குறிமதிப்புள்ள எண்ணாயின், விடை வரையறுக்கப்படவில்லை. 2024-இல் வெளிவந்த சி23 தரம் எதிர்மறை எண்களுக்கு ஒரே முறையைக் கட்டாயமாக்கிவிட்டது. அப்படியிருந்தும் இந்தக் கூட்டல் இன்றும் வரையறையற்றதாகவே நிற்கிறது.

ஏன்? கம்பைலர்கள் இதனால் பயன் பெறுகின்றன. 'நல்ல நிரலர் வரையறையற்றதைச் செய்யமாட்டார்' என்று கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. 'ஓர் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் அது பெரிதாகுமா?' என்று நாம் சோதனை வைத்தால், 'எப்பொழுதும் பெரிதாகும்' என்று முடிவு செய்து அந்தச் சோதனையையே அது நீக்கிவிடலாம். எச்சரிக்கையாக இருக்க வேண்டுமென்று நாம் எழுதிய வரியே காணாமற்போகும்!

தொல்காப்பியத்தின் புறனடை

இவ்விடத்தில் தமிழாசிரியர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் இறுதியிலும் சொல்லதிகாரத்தின் இறுதியிலும் புறனடை நூற்பா ஒன்றை வைத்திருக்கிறார். விதிகளில் சொல்லப்படாத வடிவங்கள் வழக்கிலோ செய்யுளிலோ காணப்படின், அவற்றையும் சொல்லிய நெறியோடு பொருத்தி அமைத்துக்கொள்க என்பது அதன் கருத்து. சொல்லாததையும் அரவணைக்கும் இலக்கணம் நம்முடையது. மொழியைப் பேசுவோர் மனிதர். அவர்கள் குறிப்பறிந்து பொருள் கொள்வர் என்னும் நம்பிக்கை அதில் இருக்கிறது.

சி மொழியின் தர நூலுக்கும் ஒரு புறனடை உண்டு. ஆனால் அது நேர் எதிரானது. வெளிப்படையாக 'வரையறையற்றது' என்று கூறப்பட்டவை மட்டுமல்ல. எதைப் பற்றித் தர நூல் ஒன்றுமே கூறவில்லையோ அதுவும் வரையறையற்றதே. இரண்டிற்கும் வேறுபாடில்லை என்கிறது அது. தமிழில் இலக்கண நூலின் மௌனம் அறிஞரின் சிந்தனைக்கு விடப்பட்ட அழைப்பு. சி மொழியில் அந்த மௌனத்தை இசைவு என்று கொண்டால் ஆபத்து.

எம் மாணவர் இடறி விழுந்தது இந்த இடத்தில்தான்.

எழுத்து எப்படி எதிர்மறை எண்ணாயிற்று?

கணினிக்குள் எழுத்துகள் எண்களாகவே சேமிக்கப்படுகின்றன. 1963-இல் வெளிவந்த ஆஸ்கி முறையில் 128 இடங்களே உண்டு. 0 முதல் 127 வரை. ஆங்கிலத்திற்கு அவை போதும். ஒரு பைட்டில் 256 எண்கள் அடங்கும் என்பதால் மேற்பாதி வெறுமையாய்க் கிடந்தது.

அந்த மேற்பாதியில்தான் பிற மொழிகள் குடியேறின. தமிழும் அப்படியே. 1990-களில் இணையவழித் தமிழார்வலர்கள் கூடி உருவாக்கிய திஸ்கி குறியீடும், 1999-இல் தமிழக அரசு அறிவித்த இருமொழிக் குறியீடான டேப் முறையும் கீழ்ப்பாதியை ஆங்கிலத்திற்கு விட்டுவிட்டு, மேற்பாதியில் தமிழை அமர்த்தின. நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் வழியாகக் கணினியில் தமிழ் எழுதப் பழகிய தலைமுறை அந்தக் குறியீட்டுக் குழப்பங்களை இன்னும் மறந்திராது.

இன்று நாம் பயன்படுத்துவது யூனிகோடு. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அதனைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையை 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்தனர். ஆம், பி மொழியைப் படைத்த அதே தாம்சன்தான்! இம்முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டிலேயே அமைகிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் பெறுகிறது. எடுத்துக்காட்டாக, 'அ' என்பது 224, 174, 133 என்னும் மூன்று எண்கள். மூன்றும் 127-க்கு மேற்பட்டவை என்பதைக் கவனியுங்கள்.

சி மொழியில் ஓர் எழுத்தை வைக்கும் 'சார்' என்னும் வகை, 0 முதல் 255 வரை எண்ணுமா, அல்லது −128 முதல் 127 வரை எண்ணுமா? இதனைத் தர நூல் கம்பைலரின் விருப்பத்திற்கு விட்டுவிட்டது. ரிட்சி பயன்படுத்திய பிடிபி-11 கணினி, ஒரு பைட்டைப் பதிவகத்தில் ஏற்றும்போது அதனைக் குறிமதிப்புள்ள எண்ணாகவே கொண்டது. ஐபிஎம் பெருங்கணினிகளிலோ எப்சிடிக் முறைப்படி ஆங்கிலச் சிறிய 'ஏ' எழுத்தின் எண்ணே 129. அங்கே குறிமதிப்பை ஏற்றால் ஆங்கிலமே எதிர்மறையாகிவிடும், எனவே ஏற்கவில்லை. இன்றைய இன்டெல் வகைக் கணினிகளின் கம்பைலர்கள் பெரும்பாலும் பிடிபி-11 வழியைப் பின்பற்றுகின்றன. அவற்றில் நம் 'அ' எழுத்தின் மூன்று பைட்டுகளும் −32, −82, −123 என்று மாறிவிடுகின்றன.

எம் மாணவர் ஒவ்வொரு பைட்டையும் 'இது இடைவெளியா?' என்று சோதிக்கும் நூலகச் செயற்கூற்றிடம் கொடுத்திருந்தார். அச்செயற்கூறு 0 முதல் 255 வரையிலான எண்களையும், கோப்பு முடிந்தது என்பதைக் குறிக்கும் தனி எண்ணையும் மட்டுமே பெற வேண்டும் என்பது விதி. வேறு எதைக் கொடுத்தாலும் நடத்தை வரையறையற்றது. −32 அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது.

அவருடைய மடிக்கணினியில் இருந்தது லினக்ஸ். அதில் பரவலாக வழங்கும் குனு சி நூலகம், இத்தகைய பிழையான நிரல்களின்மீது இரக்கங்கொண்டு −128 வரையிலும் தன் அட்டவணையில் இடம் விட்டுவைத்திருக்கிறது. ஆகவே அங்கே எல்லாம் நன்றாக நடப்பதுபோல் தோன்றியது. பயிற்சிக்கூடத்தில் இருந்தது மைக்ரோசாஃப்ட் கம்பைலர். பிழைதேடும் நிலையில் அதன் நூலகம், எல்லை மீறிய எண்ணைக் கண்டதும் எச்சரிக்கை காட்டி நிரலை நிறுத்திவிடும். உண்மையைச் சொன்னது நின்றுபோன கணினிதான். நன்றாக ஓடிய கணினி பிழையை மறைத்துவிட்டது.

ஆங்கில எழுத்துகள் 127-ஐத் தாண்டாததால் அங்கே இப்பிழை வெளிப்படவில்லை. பிழை முதல் நாளிலிருந்தே நிரலில் இருந்தது. தமிழ் அதனைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே.

பெயருக்கு எத்தனை கட்டங்கள்?

நிரலைப் புரட்டியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு பெயருக்கும் 64 கட்டங்கள் ஒதுக்கியிருந்தார். "எந்தப் பெயர் ஐயா 63 எழுத்தைத் தாண்டப் போகிறது?" என்றார். தாளை எடுத்து எண்ணச் சொன்னேன்.

'தமிழ்' என்னும் சொல்லில் நம் கணக்குப்படி மூன்று எழுத்துகள். யூனிகோடு கணக்கில் ஐந்து குறிகள். பைட்டுக் கணக்கில் பதினைந்து. சொல் முடிந்தது என்பதைக் காட்டச் சி மொழி இறுதியில் வைக்கும் சுழியத்தையும் சேர்த்தால் பதினாறு.

'தமிழ்ச்செல்வி த/பெ முத்துக்கிருஷ்ணன்' என்று முழுப் பெயரை எழுதினால், இடைவெளியும் சாய்கோடும் நீங்கலாகப் பதினெட்டே எழுத்துகள். அவற்றையும் சேர்த்துப் பைட்டுகளாக எண்ணினால் 102, சுழியத்தோடு 103. 64 கட்டங்களில் 103 பைட்டுகளை எழுதினால், மிஞ்சிய 39 பைட்டுகள் அடுத்துள்ள நினைவகத்தில் எதன்மீதோ போய் விழும். எதன்மீது விழும் என்பதும் வரையறையற்றதே. சோதனைக்கு அவர் பயன்படுத்திய பட்டியலில் முதற்பெயர்கள் மட்டுமே இருந்தபடியால் இது வெளித்தெரியவில்லை. விழா நாளன்று தெரிந்திருக்கும்.

வரலாறு தந்த அடிகள்

இவை மாணவர்கள் மட்டும் செய்யும் பிழைகள் என்று எண்ண வேண்டா. தேர்ந்த நிரலர்களும் இவற்றிற்கு விலை கொடுத்திருக்கிறார்கள்.

1988 நவம்பர் 2-ஆம் நாள், மோரிஸ் புழு எனப்படும் நிரல் அன்றைய இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அது நுழைந்த வழிகளுள் ஒன்று, 512 பைட்டு இடத்தில் அதற்கு மேற்பட்ட எழுத்துகளைத் திணித்தது. உள்ளீட்டின் நீளத்தைப் பாராமலே எழுதும் 'கெட்ஸ்' என்னும் நூலகச் செயற்கூறு அதற்கு வழிவிட்டது. அச்செயற்கூறு தர நூலிலிருந்து நீக்கப்பட்டது 2011-இல். இடையில் 23 ஆண்டுகள்!

2009-இல் லினக்ஸ் கருவில் ஒரு குறை வெளிப்பட்டது. ஒரு முகவரி வெற்று முகவரியா என்று சோதிக்கும் வரி நிரலில் இருந்தது. ஆனால் அச்சோதனைக்கு முந்திய வரியிலேயே அம்முகவரி பயன்படுத்தப்பட்டிருந்தது. வெற்று முகவரியைப் பயன்படுத்துவது வரையறையற்றது. 'முன்னரே பயன்படுத்திவிட்டதால் இது வெற்றாக இருக்க இயலாது' என்று கம்பைலர் முடிவு கட்டி, சோதனையை நீக்கிவிட்டது. காவலாளி நின்ற வாயில் திறந்து கிடந்தது.

2014-இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் குறையும் இவ்வினமே. இணையப் பாதுகாப்பிற்கென்றே அமைந்த ஓபன்எஸ்எஸ்எல் நிரலில், அனுப்புபவர் சொன்ன நீளத்தை நம்பி, இருக்கும் தரவுக்கு அப்பாலும் நினைவகத்தைப் படித்து அனுப்பும் பிழை ஈராண்டுகள் ஒளிந்திருந்தது. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் 64 கிலோபைட்டு வரை கமுக்கத் தகவல் கசியக்கூடும் நிலை. அத்தனை நாளும் அந்நிரல் 'நன்றாகத்தான்' ஓடிக்கொண்டிருந்தது.

நாம் செய்யத்தக்கவை

நம் பிள்ளைகள் இன்று ஸ்கிராட்ச், பைத்தான் போன்றவற்றில் நிரலாக்கம் தொடங்குகின்றனர். அவற்றில் இவ்வகை இடர்கள் பெரும்பாலும் இல்லை. ஆனால் பரவலாக வழங்கும் பைத்தான் நிரலே சி மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பள்ளிகளில் பயன்படும் ஆர்டுயினோ பலகையும் சி வழிவந்த மொழியில் இயங்குவது. அதன் ஊனோ பலகையின் முந்தைய பதிப்புகளில் சாதாரண முழு எண்ணின் உச்சம் 32767 மட்டுமே. எனவே சில பழக்கங்களை இளமையிலேயே ஊட்டலாம்.

1. கம்பைலரின் எச்சரிக்கைகள் அனைத்தையும் காட்டுமாறு அமைக்க வேண்டும். எச்சரிக்கையைப் படிக்காமல் கடந்து செல்லுதல் கூடாது.

2. எழுத்தைச் சோதிக்கும் செயற்கூறுகளிடம் பைட்டைக் கொடுக்குமுன், அதனைக் குறிமதிப்பற்ற வகைக்கு மாற்ற வேண்டும். 'இது தமிழ் எழுத்தா?' என்று அறிய விரும்பினால், தனிப் பைட்டைச் சோதித்துப் பயனில்லை. யூனிகோடு அறிந்த நூலகம் வேண்டும்.

3. இடம் ஒதுக்கும்போது எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ண வேண்டும். எழுதுமுன் நீளத்தைப் பார்க்க வேண்டும். இடம் போதாவிடில் என்ன செய்வது என்பதையும் நிரலிலேயே சொல்ல வேண்டும்.

4. கூட்டிய பிறகு உச்சத்தைத் தாண்டிற்றா என்று பார்ப்பது காலங்கடந்த சோதனை. கூட்டுமுன் 'இன்னும் இடமிருக்கிறதா?' என்று பார்க்க வேண்டும்.

5. பிழைகாணும் கருவிகளைப் பழக வேண்டும். 2013-இல் வந்த ஜிசிசி 4.8 பதிப்பு முதல் நினைவக மீறலையும், 2014-இல் வந்த 4.9 பதிப்பு முதல் வரையறையற்ற நடத்தைகள் பலவற்றையும், நிரல் ஓடும்போதே கண்டு சொல்லும் வசதி இலவசமாகவே கிடைக்கிறது. எல்லாப் பிழைகளையும் அவை பிடித்துவிடா, ஆயினும் பெருந்துணை.

6. எல்லாவற்றிற்கும் மேலாக, தமிழ்ப் பெயர்களைக் கொண்டு சோதிக்க வேண்டும். அதிலும் நீண்ட பெயர்களைக் கொண்டு.

எம் மாணவர் இவற்றுள் இரண்டாவதையும் மூன்றாவதையும் என் வீட்டு மேசையிலேயே செய்து முடித்தார். மறுவாரம் பயிற்சிக்கூடக் கணினியிலும் நிரல் ஓடியது. பெயரட்டைகள் தமிழிலேயே அச்சாயின.

இதை எழுதும்போது என் வகுப்பறையையும் எண்ணிப் பார்க்கிறேன். கணக்கில் விடை சரியாக வந்திருந்தால், வழிமுறையைப் பாராமல் சரி போட்டுவிட்ட நாள்கள் உண்டு. தற்செயலாக வந்த சரியான விடை, பிள்ளையின் மனத்தில் தவறான வழியை உறுதிப்படுத்திவிடும் என்பதை நான் அப்பொழுது எண்ணவில்லை. இனி, "விடை வந்ததா?" என்பதோடு நிறுத்தாமல், "எந்த விதிப்படி வந்தது?" என்றும் கேட்பதாக உறுதி கொண்டிருக்கிறேன். பெற்றோர்களும் வீட்டில் இக்கேள்வியைக் கேளுங்கள். பிள்ளை ஒருநாள் "தமிழ் இதற்கு ஒத்துவராது" என்று சொன்னாலும், இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.